வீட்டு வருமானமும் விடலைப் பையனோட சிகரெட்டும்: ஒரு நிகழ்வு ஆய்வு

ஸ்கூல் கவுன்சிலரான என்கிட்ட இந்தப் பையன் வந்தது சிகரெட்டுக்காக இல்ல. முதல் பீரியட்ல தூங்குறான், அடிக்கடி லேட்டா வர்றான், நோட்டு எதுவும் முடிக்கல, இதான் கம்ப்ளைன்ட். கிளாஸ் டீச்சர் அனுப்பின ஃபார்ம்ல காரணம்னு போட்டிருந்த இடத்துல ஒரே வரி: ஏழைக் குடும்பம், அப்பா புகைப்பவர், சேர்க்கை சரியில்லை. டீச்சர நான் குறை சொல்லல, அத்தன பசங்கள ஒரே ஆளா வச்சுக்கிட்டு மேய்க்கிறவங்களுக்கு அதுக்கு மேல எழுத எங்க நேரம். ஆனா அந்த ஒரு வரி எதையும் விளக்கலன்னு எனக்குத் தெரிய ரொம்ப நேரம் ஆகல, ஏன்னா அதே வீட்ல, அதே அப்பாவுக்குப் பொறந்து, அதே தெருவுல வளந்த அவனோட அக்கா ஒரு சிகரெட்ட கூட தொட்டதில்ல.

படிக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்லிடறேன், இது அப்படியே ஒரே பையனோட கதை இல்ல. ஒரே மாதிரி சிக்கலோட வந்த சில பசங்களோட விவரங்கள சேத்து, யாருன்னு கண்டுபிடிக்க முடியாதபடி மாத்தி எழுதினது. வேலை, வயசு, உறவு எல்லாத்துலயும் கை வச்சிருக்கேன், நடந்த விதத்துல கை வைக்கல.

பையனும் வீடும்

வயசு 16. வீட்ல அஞ்சு பேர், ரெண்டு ரூம். அப்பா ஒரு ஃபேக்டரில மெஷின் ஓட்டிட்டு இருந்தவர், முதுகுல அடிபட்டு வேலை போய் ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு, வலிக்கு மாத்திரை போட்டா சாயங்காலம் பூரா மயக்கத்துலயே கிடப்பார். நாளைக்கு ஒரு பாக்கெட் பிடிப்பார், வீட்டுக்குள்ளயேதான். அம்மாவுக்கு ரெண்டு வேலை, விடியக்காலைல ஒரு ஆபீஸ்ல கிளீனிங், சாயங்காலம் நாலு மணிலேர்ந்து ஒரு ஆஸ்பத்திரில வார்டு வேலை, வீடு திரும்ப ராத்திரி பத்தரை ஆகும். நடுவுல காலைல பதினொன்னுலேர்ந்து மூணு வரைக்கும் வீட்லதான் இருப்பாங்க. அப்போ பசங்க யாரும் வீட்ல இருக்க மாட்டாங்க. அக்காவுக்கு 19, படிச்சுக்கிட்டே பார்ட் டைம் வேலைக்கும் போறா. கடைசித் தம்பிக்கு 10 வயசு.

பையன் பதினாலு வயசுலேர்ந்து ஒரு வண்டி சர்வீஸ் ஷெட்ல சாயங்கால வேலை பாக்கறான். அஞ்சு மணிக்குப் போனா ஒன்பதரைக்கு முடியும், சனிக்கிழமை முழு நாள். வண்டி கழுவுறது, கிரீஸ் போடுறது, டூல்ஸ் எடுத்துக் கொடுக்கிறது. இந்த வேலைய பத்தி தனியா ஒரு வரி சொல்லணும், சர்வதேச தொழிலாளர் அமைப்போட 1973ஆம் வருஷத்து 138ஆம் ஒப்பந்தம் வேலைக்குப் போற குறைஞ்சபட்ச வயச பொதுவா 15ன்னு வைக்குது, அதுக்குக் கீழ படிப்பையும் உடம்பையும் கெடுக்காத லேசான வேலைன்னா மட்டும் 13லேர்ந்து விடலாம்னு சொல்லுது. ராத்திரி ஒன்பதரை வரைக்கும் ஆயில்லயும் கெமிக்கல்லயும் நிக்கிறது எந்தக் கணக்குலயும் லேசான வேலை ஆகாது. ஆனா அந்தச் சம்பளம் வந்ததுக்கு அப்புறம்தான் அந்த வீட்ல வாடகை டயத்துக்குப் போக ஆரம்பிச்சுது. இது ரெண்டும் உண்மை.

பழக்கம் எப்படி வந்துச்சு

முதல் சிகரெட் 12 வயசுல. அப்பா பாக்கெட் வாங்கிட்டு வான்னு அனுப்புவார், சின்ன வயசுலேர்ந்தே அனுப்புவார், ஒரு நாள் மிச்சக் காசுல ஒத்த சிகரெட் வாங்கி பிடிச்சுப் பாத்திருக்கான். தல சுத்தி வாந்தி வந்துச்சாம். அதுக்கப்புறம் ஒன்றரை வருஷத்துக்கு மேல ஒண்ணும் இல்ல, இத நான் திருப்பித் திருப்பி வேற வேற மாதிரி கேட்டுப் பாத்தேன், பதில் மாறல. திரும்ப ஆரம்பிச்சது ஷெட்ல. எப்படி ஆரம்பிச்சதுன்னு அவன் சொன்னத அவன் வார்த்தையிலயே போடறேன்:

"மிஸ், அங்க சிகரெட் பிடிக்கிறவங்க மட்டும் வெளிய போய் பத்து நிமிஷம் நிப்பாங்க, ஓனர் ஒண்ணும் சொல்ல மாட்டாரு. நான் சும்மா போய் நின்னா என்னடா வேடிக்கை பாக்கறேன்னு திட்டுவாரு. கைல சிகரெட் இருந்தா திட்ட மாட்டாரு மிஸ்."

அதாவது அந்த இடத்துல ரெஸ்ட் எடுக்கிறதுக்கான பர்மிஷன் ஸ்லிப்பே சிகரெட்தான். இத 'சேர்க்கை சரியில்லை'ன்னு எழுதினா எப்படி? கெட்ட பசங்க யாரும் இழுத்துட்டுப் போகல. நாலரை மணி நேரம் நிக்கிற பையனுக்கு உக்கார ஒரு வழி கிடைச்சுது, அந்த வழியில நிகோடின் இருந்துச்சு.

என்கிட்ட வந்தப்போ நாளைக்கு ஆறு ஏழு. எழுந்து அரை மணி நேரத்துக்குள்ள முதல் சிகரெட், அது பெரும்பாலும் அப்பா பாக்கெட்லேர்ந்து. ஃபேகர்ஸ்ட்ராம்னு ஒரு ஸ்கேல் இருக்கு, நிகோடின் அடிமைத்தனத்த பத்துக்கு மார்க் போடறது, அதுல முதல் கேள்வியே எழுந்து எத்தன நிமிஷத்துல முதல் சிகரெட்ங்கறதுதான், எத்தன பிடிக்கிறாங்கங்கறத விட இது நல்லா காட்டிக் கொடுக்கும். ஆனா பெரியவங்களுக்காக செஞ்ச ஸ்கேல வச்சு மட்டும் பசங்கள அளந்தா அடிமைத்தனம் லேசா இருக்கிற மாதிரி தெரியும். பசங்களுக்குன்னு டிஃப்ரான்சாங்கற ஆய்வாளரோட குழு போட்ட பத்துக் கேள்விப் பட்டியல் ஒண்ணு இருக்கு, ஆமா இல்லன்னு பதில், ஒரே ஒரு ஆமா வந்தா கூட கட்டுப்பாடு கை நழுவ ஆரம்பிச்சாச்சுன்னு அர்த்தம். இவனுக்கு ஏழு ஆமா. அந்தக் குழுவோட ஆய்வுகள்ல வந்த முக்கியமான விஷயம், தினமும் பிடிக்கிற நிலைக்குப் போறதுக்கு முன்னாடியே பசங்களுக்கு அந்தத் தவிப்பு வந்துடுது. அப்பப்போ ஒண்ணுதானேன்னு வீட்ல நினைச்சுக்கிட்டு இருக்கும்போதே உள்ள வேலை முடிஞ்சிருக்கும். 2018ல பெரிய பெரிய சர்வேக்கள ஒண்ணா சேத்துப் பாத்த ஒரு ஆய்வுல, ஒரு சிகரெட் டிரை பண்ணவங்கள்ல மூணுல ரெண்டு பங்குக்கு மேல கொஞ்ச காலமாவது தினமும் பிடிக்கிறவங்களா ஆயிருக்காங்கன்னு வந்துச்சு. அமெரிக்க அரசோட தலைமைச் சுகாதார அதிகாரியான சர்ஜன் ஜெனரலோட 2012 அறிக்கைப்படி தினமும் பிடிக்கிற பெரியவங்கள்ல 88 சதவீதம் பேரு முதல் சிகரெட்ட 18 வயசுக்குள்ளயே பிடிச்சவங்க. இதெல்லாம் தெரிஞ்சா பதினாறு வயசுல ஆறு சிகரெட்ங்கறது சின்ன விஷயமா தெரியாது.

வகுப்புல தூங்குறதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கு. நிகோடின் ரத்தத்துல பாதியா குறைய ரெண்டு மணி நேரம்தான் ஆகும், காலைல பிடிச்சது முதல் பீரியட் முடியறதுக்குள்ள இறங்கிடும், எரிச்சல், கவனம் நிக்காம அலையறது எல்லாம் வரும். ராத்திரி தம்பி தூங்கின அப்புறம் பிடிக்கிற கடைசி சிகரெட் தூக்கத்தயும் கெடுக்கும். அதுக்கு மேல ஒன்பதரை வரைக்கும் வேலை.

நேரக் கணக்கு

இந்த கேஸ்ல எனக்கு உதவினது ஒரு பேப்பர்தான். ஒரு நாளோட 24 மணி நேரத்தயும் கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்துலயும் வீட்ல முழிச்சிருக்கிற பெரியவங்க யாருன்னு அவனையே எழுதச் சொன்னேன், பக்கத்துலயே எப்போ சிகரெட்னு ஒரு புள்ளி வைக்கச் சொன்னேன். அம்மா பேரு காலைல நாலரைக்கு ஒரு தடவ, நடுப்பகல்ல நாலு கட்டம், ராத்திரி பத்தரைக்கு மேல ஒரு கட்டம். சாயங்காலம் நாலுலேர்ந்து பத்தரை வரைக்கும் காலி. அப்பா இருக்காரேன்னு கேட்டேன், "இருக்காரு மிஸ், ஆனா முழிச்சிருக்க மாட்டாரு"ன்னான். புள்ளிகள்ல ஒண்ணு மட்டும் காலைல, மிச்சம் எல்லாம் அந்தக் காலியான ஆறரை மணி நேரத்துலயும் அதுக்கப்புறமும்.

அதே பேப்பர அக்காகிட்டயும் கொடுத்தேன், ஆனா இப்போ உள்ள நாள் இல்ல, அவளுக்கு பதிமூணு பதினாலு வயசு இருக்கும்போது ஒரு நாள் எப்படி இருந்துச்சுன்னு போடச் சொன்னேன். அப்போ அப்பா வேலைல இருந்தார், அம்மாவுக்கு காலை வேலை மட்டும்தான், பொண்ணு ஸ்கூல் விட்டு வரும்போது அம்மா வீட்ல. அப்பா அப்பவும் பாக்கெட் பாக்கெட்டா பிடிச்சுக்கிட்டுதான் இருந்தார். ஆக ஒரே வீடு, ஒரே அப்பா அம்மான்னு நாம சொல்றோமே, அக்கா வளந்த வீடும் தம்பி வளந்த வீடும் ஒண்ணே இல்ல. நடுவுல ஒரு வேலை போயிருக்கு, அதோட சாயங்காலமும் போயிருக்கு. ஒரு குடும்பத்த வச்சு இதான் காரணம்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன், பொண்ணுங்கறதால அவள யாரும் சிகரெட் வாங்க அனுப்பல, பொண்ணு பிடிச்சா ஊரே பேசும்ங்கற பயமும் இருந்திருக்கும். ஆனாலும் இந்த வித்தியாசத்த தள்ளிட்டு போக முடியாது.

இதுக்கு இணையா எனக்கு ஞாபகம் வர்றது அமெரிக்காவுல வட கரோலினா மலைப்பகுதில நடந்த ஒரு நீண்ட கால ஆய்வு, 1,420 பசங்கள வருஷக்கணக்கா பாத்தது. நடுவுல அங்க செவ்விந்திய மக்களோட நிலத்துல ஒரு கேசினோ திறந்து, அதோட லாபத்துல பங்கு அந்தச் சமூகக் குடும்பங்களுக்குப் போக ஆரம்பிச்சுது. யாரும் திட்டம் போடாம தானா அமைஞ்ச சோதனை. வறுமைலேர்ந்து வெளிய வந்த வீட்டுப் பசங்களோட அடங்காத்தனம், சண்டை மாதிரியான நடத்தைப் பிரச்சினைகள் குறைஞ்சுது, 2003ல அந்த முடிவு வெளிவந்தப்போ பணத்துக்கும் அந்த மாற்றத்துக்கும் நடுவுல நின்ன விஷயம் என்னன்னா அப்பா அம்மா பிள்ளைகள கவனிக்கக் கிடைச்ச நேரம்தான். அது சிகரெட் பத்தின ஆய்வு இல்லதான், ஆனா வருமானம் எந்த வாசல் வழியா பிள்ளைய போய்ச் சேருதுங்கறத அத விடத் தெளிவா காட்டின ஒண்ண நான் பாத்ததில்ல.

பாக்கெட்ல இருக்கிற காசு

இங்கதான் பலரும் குழம்பற இடம். வறுமைன்னா காசில்ல, காசில்லன்னா எப்படி சிகரெட் வாங்குவான்னு கேக்கறாங்க. அமெரிக்காவோட மாசசூசெட்ஸ் மாநிலத்துல 12லேர்ந்து 17 வயசுப் பசங்க கிட்ட நடந்து 2003ல வெளிவந்த ஆய்வு ஒண்ணு இருக்கு, பெத்தவங்க படிப்பு ஒவ்வொரு படி இறங்க இறங்க பிள்ளை புகைக்கிற ஆபத்து 28 சதவீதம் கூடுது, வருமானம் ஒவ்வொரு படி இறங்க 30 சதவீதம் கூடுது. அப்பா அம்மா புகைக்கிறது இதுல ஒரு பகுதிய விளக்குது, முழுசையும் இல்ல. அதே ஆய்வு பசங்க கைல புழங்குற சொந்தக் காசையும் தனியா எடுத்துப் பாத்துச்சு, கைக்காசு கூடினாலும் ஆபத்து கூடுது. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு முரண் மாதிரி தெரியும், ஆனா வீடு ஏழை, பையன் கைல மட்டும் காசுங்கற நிலைமை எத்தன வீட்ல இருக்கு பாருங்க. வேலைக்குப் போற விடலைப் பையன் இருக்கிற ஒவ்வொரு வீடும் அதுதான்.

இவன் வாரச் சம்பளத்துல பாதிய அம்மா கைல கொடுத்துடுவான், தம்பிக்கு நோட்டு பேனா வாங்குவான், மிச்சம் இவனுது. அந்த மிச்சத்த பத்தி வீட்ல யாரும் கேக்க முடியாது. அம்மா என்கிட்ட பேசினப்போ இத ரொம்ப தயங்கித்தான் சொன்னாங்க: "எனக்குத் தெரியும் மேடம், சட்டைல வாசன வருது, தெரியாமயா இருக்கும். ஆனா வாடகைக்கு அவன் காச வாங்கிட்டு எந்த வாயால நான் அவன திட்டுவேன்?"

வருமானம் போனா வீட்ல காசு குறையுதுன்னுதான் ஃபார்ம்ல எழுதறோம். கேக்கிற உரிமை போறத எந்த ஃபார்மும் எழுதறதில்ல. பதினாறு வயசுல அவன் பாதி பெரிய மனுஷன், பெரிய மனுஷன் என்ன செய்வானோ அதச் செய்யறான், அப்பா ஒரு பாக்கெட் பிடிக்கிறார், இவன் ஆறு சிகரெட் பிடிக்கிறான். அப்பாகிட்ட கேட்டப்போ அவரும் அதையேதான் வேற மாதிரி சொன்னார், நானே பிடிச்சுட்டு அவன என்ன சொல்றது, அதுவும் இப்போ வீட்ல சும்மா உக்காந்துக்கிட்டுன்னு.

அப்பா அம்மா புகைக்கிறதோட தாக்கம் எவ்ளோன்னு 2011ல 58 ஆய்வுகள சேத்துப் பாத்த ஒரு தொகுப்பு வந்துச்சு. அப்பா மட்டும் புகைச்சா பிள்ளை ஆரம்பிக்கிற வாய்ப்பு விகிதம் 1.66 மடங்கு, அம்மா புகைச்சா 2.19, ரெண்டு பேரும்னா 2.73, கூடப் பொறந்தவங்க புகைச்சா 2.30. அந்தக் கடைசி எண்ண பாருங்க, அப்பாவ விட அண்ணன் பெரிய ஆபத்து. அதனால நான் இந்தப் பையன பத்தி யோசிக்கும்போதெல்லாம் பத்து வயசுத் தம்பியையும் சேத்தே யோசிச்சேன், இப்போ சிகரெட் வாங்கிட்டு வர அப்பா அனுப்பறது அவனைத்தான்.

ஏணி

பசங்ககிட்ட குடும்ப வருமானம் எவ்ளோன்னு கேட்டா தெரியாது. உலக சுகாதார நிறுவனத்தோட சேந்து பல நாட்டுல 11, 13, 15 வயசுப் பசங்கள வச்சு நாலு வருஷத்துக்கு ஒரு தடவ எடுக்கிற பெரிய சர்வேல அதனாலதான் வேற மாதிரி கேக்கறாங்க, வீட்ல கார் இருக்கா, உனக்குத் தனி ரூம் இருக்கா, எத்தன கம்ப்யூட்டர், லீவுக்கு வெளியூர் போனீங்களான்னு. அது வசதிய அளக்கும். பையன் தன்ன எங்க வச்சுப் பாக்கறாங்கறத அளக்கிறதுக்கு மெக்ஆர்தர் ஏணின்னு ஒண்ணு, பத்துப் படி வரைஞ்சு கொடுத்து சமூகத்துல உங்க குடும்பம் எந்தப் படி, ஸ்கூல்ல நீ எந்தப் படின்னு கேக்கறது. ஸ்கூல்ல தான் கீழ்ப்படில இருக்கேன்னு நினைக்கிற பசங்க அதிகமா புகைக்கிறாங்கன்னு ஆய்வுகள் இருக்கு.

இவன் குடும்பத்துக்கு மூணாவது படி போட்டான். ஸ்கூல்ல ரெண்டாவது. நான் சும்மா இன்னொரு ஏணி வரைஞ்சு இது ஷெட், இதுல நீ எங்கன்னு கேட்டேன். யோசிக்கவே இல்ல, எட்டாவது படில கோடு போட்டுட்டான். ஏண்டான்னு கேட்டா, "அங்க என்ன தம்பி வாடான்னு கூப்புடுவாங்க மிஸ், இன்ஜின் சத்தம் வச்சே என்ன ரிப்பேர்னு நான் சொல்லிடுவேன்"னு சொன்னான்.

இதுக்கப்புறம் ஷெட்ட விட்டுடுன்னு அவன்கிட்ட சொல்றதுல எந்த அர்த்தமும் இல்லன்னு எனக்குப் புரிஞ்சுபோச்சு. காசுக்காக மட்டும் இல்ல, அவனுக்கு மதிப்பு இருக்கிற ஒரே இடம் அது.

இன்னொரு வீடு, சுருக்கமா

இதே சமயத்துல வேற ஒரு பையனும் வந்தான், அதே வயசு, எல்லா வசதியும் இருக்கிற வீடு, சிகரெட் இல்ல, வேப், அதாவது இ-சிகரெட். அப்பா அம்மா ரெண்டு பேரும் அடிக்கடி டூர் போற உத்தியோகம். அவன்கிட்டயும் கட்டம் போட்ட பேப்பர கொடுத்தேன், சாயங்காலம் நாலுலேர்ந்து ஒன்பது வரைக்கும் காலி, வேலைக்காரங்கள தவிர யாரும் இல்ல, பையன் கைல தனி கார்டு. அப்போ ரெண்டு வீடும் ஒண்ணுதானேன்னு அவசரப்பட்டு முடிவு கட்டிடலாம், ஆனா மாட்டினதுக்கு அப்புறம் நடந்தத பாத்தா அப்படி இல்ல. அந்த வீட்ல ஒரே வாரத்துல டாக்டர் அப்பாயின்ட்மென்ட், நீச்சல் கிளாஸ், சாயங்காலத்துக்கு ஒரு டியூஷன், அம்மா டூர குறைச்சுக்கிட்டாங்க. காலி நேரத்த காசு கொடுத்து நிரப்பிட்டாங்க. நம்ம பையன் வீட்ல அம்மா ஒரு நாள் லீவு போட்டா அன்னிக்குச் சம்பளம் கட்.

ஆரம்பிக்கிறதுல இருக்கிற வித்தியாசத்த விட விடறதுல இருக்கிற வித்தியாசம் பெரிசுன்னு நான் நினைக்கிறது இதனாலதான். இங்கிலாந்துல பெரியவங்கள வச்சு 2009ல வந்த ஒரு ஆய்வும் கிட்டத்தட்ட இதத்தான் சொல்லுது, விட முயற்சி பண்றதுல மேல்தட்டு கீழ்த்தட்டு வித்தியாசம் பெரிசா இல்ல, முயற்சி பண்ணவங்கள்ல ஜெயிக்கிறவங்கதான் கீழ்த்தட்டுல கம்மி. ஏழைங்களுக்கு மன உறுதி இல்லன்னு பேசறவங்க இத ஒரு தடவ படிக்கணும்.

இன்னொரு விஷயமும் இங்க சேரணும், எல்லாக் காலத்துலயும் எல்லா நாட்டுலயும் ஏழைதான் அதிகமா புகைச்சான்னு கிடையாது. 1994ல லோபஸ்ங்கற ஆய்வாளரோட குழு சொன்ன நாலு கட்ட மாதிரிப்படி சிகரெட் ஒரு நாட்டுக்குள்ள நுழையும்போது வசதியானவங்க கிட்டதான் முதல்ல வருது, அப்புறம் பரவுது, கடைசில படிச்சவங்க விட்டுட்டு வெளிய போக, ஏழைங்க கிட்ட தங்கிப் போகுது. இன்னிக்கு உலகத்துல புகையிலை பயன்படுத்தறவங்கள்ல சுமார் 80 சதவீதம் பேர் குறைஞ்ச, நடுத்தர வருமான நாடுகள்லதான் இருக்காங்க.

என்ன பண்ணினோம்

கேன்சர் படம் எதுவும் காட்டல. பதினாறு வயசுக்கு ஐம்பது வயசு நோய் எல்லாம் வேற கிரகம். நேரம், காசு, இடம், இந்த மூணுலதான் கை வச்சோம், அதுலயும் முதல்ல கேட்டது எதுவும் நடக்கல. அம்மாவோட சாயங்கால ஷிப்ட காலைக்கு மாத்த முடியுமான்னு கேட்டுப் பாத்தாங்க, சூப்பர்வைசர் முடியாதுன்னுட்டார்.

சரின்னு வேற பக்கம் போனோம். ஸ்கூல்ல ஃபீஸ் சலுகைக்கு ஒரு வழி இருந்துச்சு, விண்ணப்பம் போடணும், வருமானச் சான்று வாங்கணும், அப்பா கையெழுத்து வேணும், இந்த வீட்ல யாருக்கும் அதுக்கெல்லாம் நேரமும் இல்ல, இப்படி ஒண்ணு இருக்குன்னே தெரியாது. உக்காந்து அத எழுதிக் கொடுத்து அலைஞ்சு வாங்கினதுல, பையன் வார நாள் வேலைய மூணு நாளா குறைச்சா வர்ற நஷ்டம் சரியாப் போச்சு. மிச்ச ரெண்டு நாள் ஸ்கூல் ஒர்க்ஷாப் ரூம்ல ஏழு மணி வரைக்கும், அவனுக்குப் பிடிச்ச இன்ஜின் வேலைதான், கூட ஒரு சார் இருப்பார், கீழ் வகுப்புப் பசங்களுக்கு இவன் சொல்லிக் கொடுக்கணும்னு ஏற்பாடு. அவன் தம்பியும் அந்த ரெண்டு நாள் அங்க வந்து ஹோம்வொர்க் பண்ணுவான்.

ஷெட் ஓனர்கிட்ட பேசினது தனிக் கதை. சிகரெட்டுக்கு விடற பத்து நிமிஷத்த பிடிக்காதவங்களுக்கும் விடுங்கன்னு கேட்டா முதல்ல சிரிச்சார், இதுக்கெல்லாமா ஒரு டீச்சர் வருவாங்கன்னு. அப்புறம் சனிக்கிழமை மட்டும் எல்லாருக்கும் பிரேக்னு ஒத்துக்கிட்டார், வேண்டா வெறுப்பாத்தான்.

அப்பாவ சிகரெட் விடச் சொல்லி நான் கேக்கல. வலியிலயும் வேலை போன அவமானத்துலயும் இருக்கிற மனுஷன்கிட்ட அத முதல் கோரிக்கையா வச்சா கதவு சாத்திடும். கேட்டது மூணு: வீட்டுக்குள்ள பிடிக்க வேண்டாம், பாக்கெட்ட டேபிள்ல போட்டு வைக்க வேண்டாம், சின்னவன கடைக்கு அனுப்ப வேண்டாம். புகைக்கிற பெத்தவங்க இருந்தாலும் வீட்டுக்குள்ள கூடாதுங்கற கண்டிப்பு இருந்தா பசங்க புகைக்கிறது குறைவா இருக்குன்னு 2000ல அமெரிக்காவுல 17,000 மாணவர்களுக்கு மேல பாத்த ஆய்வு இருக்கு, அப்பாகிட்ட அத எளிமையா சொன்னேன். கடைசிக் கோரிக்கைக்கு உடனே சரின்னார். பாக்கெட்ட மறைச்சு வைக்க கொஞ்ச நாள் ஆச்சு. வீட்டுக்கு வெளிய போய் பிடிக்கிறது இன்னிக்கு வரைக்கும் பாதி நாள்தான், முதுகு வலில எழுந்து போக முடியலங்கறார், அதுல பொய் இல்ல.

பையனோட பழக்கத்துக்குன்னு தனியா செஞ்சது எல்லாரும் செய்யறதுதான். ஒரு தேதி குறிச்சு நிறுத்தறது, முதல் ரெண்டு மூணு நாள்தான் தவிப்பு உச்சத்துல இருக்கும், அப்புறம் சில வாரத்துல அடங்கும்னு முன்னாடியே சொல்லி வைக்கிறது, ஒவ்வொரு தடவ வர்ற வேகமும் சில நிமிஷத்துல தானா இறங்கிடும்னு அவனையே டைம் பாத்துக்கச் சொல்றது. நிகோடின் சூயிங்கம் மாதிரி எதுவும் குடுக்கல, 18 வயசுக்குக் கீழ அதுக்கு ஆதாரம் வலுவா இல்லன்னு டாக்டர் வேண்டாம்னுட்டார்.

இப்போ நிலைமை

நாலு மாசம் கழிச்சு எடுத்த கணக்கு இது. வார நாள்ல பெரும்பாலும் இல்ல. சனிக்கிழமை ஷெட்ல ஒண்ணோ ரெண்டோ. பரீட்சை சமயத்துல மூணு வாரம் முழுசா இல்லாம இருந்தான், அப்புறம் அப்பாவ வலி முத்திப் போய் ஆஸ்பத்திரில சேத்த வாரத்துல திரும்ப நாளைக்கு அஞ்சு வரைக்கும் போச்சு, அவர் வீடு திரும்பினதும் கொஞ்சம் கொஞ்சமா இறங்குச்சு. முதல் பீரியட் தூக்கம் கிட்டத்தட்ட நின்னுடுச்சு, டீச்சருக்கு அதுல சந்தோஷம். காலைல எழுந்ததும் பிடிக்கிறது போயிடுச்சு, எனக்கு அதுல சந்தோஷம்.

ரிப்போர்ட்ல இது கவுன்சிலிங் வெற்றின்னுதான் பதிவாகும். எனக்கு அதுல பெரிசா உடன்பாடு இல்ல, இதுல பாதி வேலை ஃபீஸ் சலுகை செஞ்சது, அந்த விண்ணப்பம் போன வருஷமே யாராவது எழுதிக் கொடுத்திருந்தா கேஸே என்கிட்ட வந்திருக்காது. ஃபார்ம்ல அப்பா புகைக்கிறாரான்னு ஒரு கட்டம் இருக்கு, வருமானம் எவ்ளோன்னு ஒரு கட்டம் இருக்கு. நாலு மணிக்கு வீட்ல யார் முழிச்சிருக்காங்க, பையன் கைல இருக்கிற காசு யாரோடது, அவன யாராவது கேள்வி கேக்க முடியுமா, இந்த மூணுக்கும் நானே பேனாவால கட்டம் போட்டு வச்சிருக்கேன், இப்போ வர்ற எல்லா கேஸுக்கும் அதையும் நிரப்பறேன்.

இன்னும் முடியாத விஷயங்கள். ஃபீஸ் சலுகைய வருஷா வருஷம் புதுப்பிக்கணும், அடுத்த தடவ அக்காவே எழுதற மாதிரி அவளுக்குச் சொல்லிக் கொடுத்தாச்சு. அம்மாவ ஆஸ்பத்திரில நைட் ஷிப்டுக்கு மாத்தப் போறதா பேச்சு இருக்கு, அப்படி நடந்தா சாயங்காலம் வீட்ல இருப்பாங்க, ராத்திரி இருக்க மாட்டாங்க, கட்டம் போட்ட பேப்பர அப்போ புதுசா எழுதணும். சின்னவன்கிட்ட இன்னும் நேரா எதுவும் கேக்கல, ஒர்க்ஷாப் ரூம்ல பாக்கும்போது பேசிட்டு இருக்கேன். போன வாரம் அவனா வந்து, அப்பா இப்போ அக்காவ வாங்கிட்டு வரச் சொல்றாரு மிஸ், அக்கா முடியாதுன்னுட்டான்னு சொன்னான். அப்பாகிட்ட திரும்பப் பேசணும்.